பிளாப்பியில் இருப்பதை எந்தச் சாதனத்துக்கு மாற்றுவது? காரைக்குடி வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கானாடுகாத்தான்): எங்க அப்பச்சி (அப்பா), கோவில் புள்ளிக் கணக்கு (குடும்பக் கணக்கு), வீட்டு விசேஷ மொய்க் கணக்கு எல்லாம் 60 பிளாப்பியில ஏத்தி வச்சிருக்காங்க. 64 ஜிபி பென் டிரைவ் போதுமா, 128 வாங்கணுமா?

பதில்: ஒரு பிளாப்பி 1.44 எம்பி. அறுபதும் நிரம்பியிருந்தாலும் 90 எம்பியைத் தாண்டாது. கடையில் கிடைக்கும் ஆகச் சின்ன பென் டிரைவே அதிகம். அளவைப் பற்றி யோசிக்க வேண்டாம், எத்தனை இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்பதை யோசியுங்கள். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்க நல்ல சாமான். ஒரே பிரதியாகப் பூட்டி வைக்க ஆகாது. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஒரு பென் டிரைவ் என இரண்டு வகையில் ஏற்றி, இரண்டையும் வேறு வேறு வீட்டில் வையுங்கள். ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே கம்பெனிச் சரக்காக இரண்டு வாங்கினால் இரண்டுக்கும் ஒரே கோளாறு வரலாம்.

எடுப்பதற்கு யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் போதும். போடுவதற்கு முன் மூன்று வேலை. பிளாப்பி மூலையில் நகரும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வையுங்கள்; அதன் மேல் எதுவும் எழுத முடியாது. உலோக மூடியை விலக்கி உள்ளே பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ வட்டக் கீறலோ இருந்தால் போடாதீர்கள். அந்த வெள்ளைப் புள்ளி ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சை. டிரைவின் ஹெட்டில் (படிக்கும் முனையில்) ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் சேர்த்து உரசும். ஒட்டிவிட்டால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, காய்ந்த பிறகே அடுத்தது. மூன்றாவதாக, பிளாப்பி மேல் எழுதியுள்ள பெயரைப் போட்டோ எடுங்கள். பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கோப்புக்கு எட்டு எழுத்துப் பெயர்தான். எந்த வருஷத்துக் கணக்கு என்று அதை வைத்துத் தெரியாது.

பிறகு கோப்புகளை மட்டும் இழுத்துப் போடாமல், முழு டிஸ்க்கையும் இமேஜாக (ஒரே கோப்பில் அடங்கிய முழு நகலாக) எடுங்கள். 1.44 பிளாப்பியின் இமேஜ் சரியாக 1,474,560 பைட் இருக்கும். குறைந்தால் பாதியில் நின்றிருக்கிறது.

கேள்வி (கோட்டையூர்): டிரைவ்ல போட்டதும் "ஃபார்மேட் செய்யவா?"ன்னு கேக்குது. ஆமாம்னு கொடுத்தா சரியாயிடுமா அண்ணே?

பதில்: வேண்டவே வேண்டாம். முதல் சில செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) படிக்கவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிச் சொல்கிறது. ஆமாம் என்றால் மிச்சமும் போகும். வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். எழுதிய டிரைவின் ஹெட் கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால், ஒன்றில் வராதது இன்னொன்றில் வரும். அதுவும் தோற்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். வருகிற இடத்தை முதலில் எடுத்துக்கொண்டு, வராத இடத்துக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும்.

கேள்வி (தேவகோட்டை): எங்க கிட்ட இருக்கிறது பெரிய, வளையிற பிளாப்பி.

பதில்: அது ஐந்தேகால் அங்குலம். யுஎஸ்பி டிரைவில் நுழையாது. பழைய டிரைவ் ஒன்று பிடித்து, கிரீஸ்வீசில் போன்ற போர்டு வழியாகக் கணினியில் சேர்க்க வேண்டும்; டிரைவுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். பத்துப் பிளாப்பிக்காக இத்தனையும் வாங்குவதை விட, ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கொடுத்து எடுப்பதே சுலபம்.

கேள்வி (புதுவயல்): எம்பிராய்டரி மெஷின் பிளாப்பி மட்டுந்தான் எடுக்கும். மெஷின் நல்லா ஓடுது, பிளாப்பிதான் கிடைக்கல.

பதில்: கிடைக்காதுதான். சோனியே 2011-இல் விற்பனையை நிறுத்திவிட்டது. மெஷினை மாற்ற வேண்டாம். பிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கோடெக் (Gotek) எமுலேட்டர், அதாவது பிளாப்பி டிரைவ் போலவே நடிக்கும் பெட்டி, மாட்டுங்கள். முன்னால் யுஎஸ்பி ஓட்டை, பின்னால் அதே 34 முனை கேபிள். ஒரு பென் டிரைவுக்குள் 000, 001 என்று எண் போட்ட பல பிளாப்பிகள் இருக்கும். பட்டனை அழுத்தி மாற்றலாம்.

தகராறு வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். மாட்டியதும் விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழ். விளக்கே வராமல் மெஷின் டிரைவ் இல்லை என்றால் எமுலேட்டரில் உள்ள எஸ்0, எஸ்1 ஜம்பரை (முனைகளில் செருகும் சின்ன மூடியை) மாற்றிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் படிக்கவில்லை என்றால், அந்த மெஷின் 1.44-ஐ அல்ல, 720 கேபி பிளாப்பியை எதிர்பார்க்கிறதா என்று பாருங்கள். பழைய பிளாப்பியில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தால் 720, இரு பக்கமும் இருந்தால் 1.44. பென் டிரைவ் 8 ஜிபிக்கு மேல் தேவையில்லை, ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். எமுலேட்டரில் ஃபிளாஷ்ஃப்ளாப்பி என்ற ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஏற்றினால் இமேஜ் கோப்புகளை அப்படியே போடலாம். கழற்றிய டிரைவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (காரைக்குடி, செக்காலை): கோப்பு வந்துடுச்சு. திறந்தா தமிழ் இல்ல, என்னமோ குறியீடா நிக்குது. கெட்டுப்போச்சா?

பதில்: கெடவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு கணினியில் இல்லாததால் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. பாமினியா, டாப் (TAB) வகையா, டாம் (TAM) வகையா என்று தெரிந்துகொண்டு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றுங்கள். பிளாப்பியிலேயே எழுத்துருக் கோப்பு இருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். மாற்றிய பிரதியோடு மூலத்தையும் வைத்திருங்கள். ஒகரம், ஔகாரம் பல சமயம் பிசகும்.

கேள்வி (பள்ளத்தூர்): எஸ்எஸ்டி நல்லதா, ஹார்ட் டிஸ்க் நல்லதா? இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டத்தான்.

பதில்: பூட்டி வைக்க ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டியும் பென் டிரைவும் மின்னூட்டமாகத் தகவலைப் பிடித்து வைக்கின்றன. கரண்ட் கொடுக்காமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் சீக்கிரம். சித்திரை வெயிலில் மாடி அறை அதற்கு ஏற்ற இடமில்லை. கீழே உள்ளறையில், சாரல் படாமல், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கையும் வருஷத்துக்கு ஒருமுறை மாட்டி நாலு கோப்பைத் திறந்து பாருங்கள். டிக் டிக் சத்தம் வந்து டிஸ்க் தெரியவில்லை என்றால், பயப்படுவதற்கு முன் கணினியின் பின்பக்க யுஎஸ்பியில், குட்டைக் கேபிளில் மாட்டிப் பாருங்கள். கரண்ட் போதாமலும் அந்தச் சத்தம் வரும். மாட்டிய பிறகும் தொடர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): 2 டிபி பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்கு வருது. வாங்கலாமா?

பதில்: உள்ளே அவ்வளவு இருக்காது. நிரம்பிய பிறகு எழுதுவது காணாமல் போகும், ஆனால் கோப்பின் பெயர் மட்டும் தெரியும். எந்தப் பென் டிரைவானாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ (h2testw) என்ற சோதனை மென்பொருளை ஓட்டி, முழுக்க நிரப்பித் திரும்பப் படிக்க வைத்த பிறகே கணக்கை ஏற்றுங்கள். 64 ஜிபி வாங்கி 59.6 என்று காட்டினால் அது ஏமாற்று இல்லை. எண்ணும் முறை வேறு.

கேள்வி (புதுவயல்): கல்யாண வீடியோ ஒரே கோப்பா 6 ஜிபி. பென் டிரைவ்ல இடம் இருந்தும் ஏற மாட்டேங்குது.

பதில்: ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய டிவியில் போட்டுப் பார்க்க வேண்டுமானால், அது எக்ஸ்ஃபேட் படிக்குமா என்று முதலில் ஒரு சின்னக் கோப்பை வைத்துச் சோதியுங்கள்.