மறுநாளும் சப்பென்று ஆகாத கேஜன் பாஸ்தா சாலட்

கேள்வி: விருந்துக்கு 20 பேர் வருகிறார்கள். கேஜன் (அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சமையல் பாணி) பாஸ்தா சாலட்டை முந்தின இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் வறண்டு சப்பென்று இருக்கிறது. மசாலாவைக் கூட்டினால் காரம் மட்டுமே ஏறுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரவு முழுக்க பாஸ்தா டிரெஸ்ஸிங்கின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், குளிர்ந்தபின் நாக்குக்குச் சுவையும் மந்தமாகத்தான் தெரியும். அதனால் டிரெஸ்ஸிங்கில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்து, பரிமாறும் முன் கலக்குங்கள்.

1 கிலோ ரொட்டினி (திருகு வடிவப் பாஸ்தா) போதும். 8 லிட்டர் தண்ணீரில் 4 மேசைக்கரண்டி உப்பு போட்டு, பாக்கெட்டில் சொன்னதைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். ஆறினால் பாஸ்தா இறுகும் என்பதால்தான் இந்தக் கூடுதல் நிமிடம். பச்சைத் தண்ணீரில் அலசி, சொட்டச் சொட்ட இல்லாமல் நன்றாக வடித்துவிடுங்கள்.

உங்கள் சாலட்டில் காரம் மட்டும் தூக்கலாக இருப்பதற்கு, மசாலாவை அப்படியே மயோனைஸில் கொட்டுவதே காரணமாக இருக்கும். கால் கப் எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து இவற்றைப் போடுங்கள்: பாப்ரிகா 2½ மேசைக்கரண்டி, பூண்டுத்தூள், வெங்காயத்தூள் தலா 1 மேசைக்கரண்டி, காய்ந்த தைம், ஆரிகனோ, மிளகுத்தூள் தலா 2 தேக்கரண்டி, கயென் மிளகாய்த்தூள் 1½ தேக்கரண்டி. எண்ணெய் செக்கச்செவேலென மாறி மணம் கிளம்பும். அடுப்பு எரியும்போதே போட்டால் பாப்ரிகா கருகிக் கசந்துவிடும். அந்தக் கசப்பை எதைச் சேர்த்தும் மறைக்க முடியாது. ஆறியதும் 2½ கப் மயோனைஸ், கால் கப் வினிகர், 3 மேசைக்கரண்டி முழுக்கடுகு மஸ்டர்டுடன் கலந்தால் டிரெஸ்ஸிங் தயார். கடையில் வாங்கிய கேஜன் மசாலா என்றால் பெரும்பாலும் அதிலேயே உப்பு இருக்கும். ருசி பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள்.

லூசியானாவில் கேஜன் சமையலுக்கு அடித்தளமே வெங்காயம், செலரி, குடமிளகாய் மூன்றும்தான். எதையும் விடாதீர்கள். பெரிய வெங்காயம் 1, செலரித் தண்டு 4, குடமிளகாய் 3, எல்லாம் பொடியாக. நறுக்கிய வெங்காயத்தைப் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் நெடி அடங்கும். தக்காளி நீர் விடும்; கடைசியில் சேருங்கள்.

அரை கிலோ ஆன்டூயி சாசேஜ் கிடைத்தால் அருமை. இல்லையென்றால் புகையூட்டிய வேறு சாசேஜ். வில்லைகளாக்கி ஓரம் சிவக்க வறுத்து, முழுக்க ஆறவிட்டுச் சேருங்கள். சூடாகக் கலந்தால் மயோனைஸ் பிரிந்து எண்ணெய் கக்கும்.

மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பாத்திரத்தை ஐஸ் நிரப்பிய தட்டில் இறக்கிவைத்து, பாதியை ஃபிரிட்ஜிலேயே விட்டு, தீரத் தீர எடுத்து வையுங்கள்.