லாபம் எந்த ஊர்க் கணக்கில்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடியில் அண்ணன் தம்பி மூவரும் பங்குதாரர்களாகப் பாத்திரக் கடை நடத்தி வருகிறோம். லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வருமான வரியாகப் போய்விடுகிறது. உலகம் முழுவதும் விற்கிற பெரிய நிறுவனங்கள் இதைவிட மிகக் குறைவாகக் கட்டுவதாகச் சொல்கிறார்களே, உண்மைதானா? உண்மையென்றால் அதிகாரிகள் ஏன் பிடிப்பதில்லை?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உண்மைதான். விற்றதை மறைப்பதும் பொய் ரசீது போடுவதும் குற்றம், அதைப் பிடிக்கலாம். பெரிய நிறுவனங்கள் செய்வதில் பெரும்பகுதி சட்டம் விட்டுவைத்த வழியிலேயே நடப்பதால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

முதலில் விகிதத்தையே பாருங்கள். உங்களைப் போன்ற கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 விழுக்காடு. அந்த வரியின் மேல் 4 விழுக்காடு தீர்வையும் (செஸ்) சேர்ந்து 31.2 ஆகிறது. 2019 செப்டம்பரில் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, மற்றச் சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிக்கு 22 விழுக்காடுதான்; மேல்வரி, தீர்வை எல்லாம் சேர்த்தாலும் 25.17. (கம்பெனியின் பங்குதாரர் டிவிடெண்டுக்குத் தனியே வரி கட்டுகிறார், நீங்கள் பிரித்துக்கொள்ளும் லாபத்துக்கு அப்படி இரண்டாம் வரி இல்லை என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.)

ஆனால் விஷயம் விகிதத்தோடு முடியவில்லை. லாபம் எந்த ஊர்க் கணக்கில் ஏறுகிறது என்பதில்தான் இருக்கிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்து விற்கும் ஒரு பெரிய கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு விற்றால் செலவு போக 30 ரூபாய் நிற்கும். அதற்கு இங்கே வரி ஏழரை ரூபாய். இப்போது அந்தக் கம்பெனி, தன் பெயரையும் முத்திரையையும் வரி மிகக் குறைந்த ஒரு நாட்டில் தானே தொடங்கிய துணை நிறுவனத்துக்கு எழுதி வைத்துவிட்டு, அதைப் பயன்படுத்துவதற்காக 100 ரூபாய்க்கு 25 ரூபாய் உரிமைத்தொகை கட்டுகிறது. இங்கே மிஞ்சும் லாபம் 5 ரூபாய், அதற்கு வரி ஒன்றேகால் ரூபாய். வெளியே போகும் 25 ரூபாயிலும் இங்கே பிடித்தம் உண்டு. ஆனால் நம்மோடு வரி ஒப்பந்தம் உள்ள சில நாடுகளுக்கு அது 10 விழுக்காடுதான் என்பதால் இரண்டரை ரூபாயோடு நின்றுவிடும். மண்ணும் கல் வார்க்கும் கண்ணாடியும் வேலையாட்களும் ஆத்தங்குடியிலேயே இருக்க, வரி பாதியாகிவிட்டது.

தொடர்பில்லாத இரண்டு வியாபாரிகள் பேசி முடிக்கும் விலையைத்தான் இத்தகைய கொடுக்கல் வாங்கலில் ஏற்க வேண்டும் என்று 2001 முதல் நம் சட்டத்தில் விரிவான விதி இருக்கிறது. ஆனால் பித்தளைக் குடத்துக்குச் சந்தை விலை கேட்டறியலாம். உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் ஒரு முத்திரைக்கு எந்தச் சந்தையில் விலை கேட்பது?

இதன் உச்சத்தை ஆப்பிள் வழக்கில் காணலாம். அயர்லாந்தில் பதிவான அதன் துணை நிறுவனம், லாபத்தின் பெரும்பகுதியை ஊழியரோ கட்டடமோ இல்லாத, காகிதத்தில் மட்டுமே இருந்த ஒரு ‘தலைமை அலுவலக’த்தின் கணக்கில் ஏற்றியது. 2014ஆம் ஆண்டில் 10 லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ என்ற அளவுக்கு வரி இறங்கியிருந்ததாக ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டு, 1,300 கோடி யூரோவை வசூலிக்கும்படி 2016இல் அயர்லாந்துக்கு உத்தரவிட்டது. அயர்லாந்து அரசோ அந்தப் பணம் தனக்கு வேண்டாம் என்று வழக்காடியது! 2024 செப்டம்பரில்தான் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் இறுதித் தீர்ப்புச் சொன்னது.

கேள்வி: எங்கள் ஐயா ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். லாபத்தை வெளிநாட்டிலேயே நிறுத்தி வரியைத் தவிர்க்கும் வழியை நகரத்தார் அப்போதே செய்தார்கள் என்று ஒருவர் மேடையில் பேசினார். சரியா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ரங்கூனைப் பொறுத்தவரை சரியல்ல. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி; அங்கே ஈட்டியது அயல்நாட்டு லாபமே அல்ல. மலாயா, இலங்கை, சைகோன் கடைகளுக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். 1922ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியே ஈட்டிய வியாபார லாபத்தை மூன்று ஆண்டுகளுக்குள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குக் கொண்டுவந்தால்தான் வரி. 1939இல் சட்டம் திருத்தப்பட்டு, இங்கே குடியிருப்பவர் கொண்டுவராத லாபத்துக்கும் வரி வந்தது.

அந்தப் பேச்சாளர் விட்டுவிட்ட இன்னொன்று நம் காலடியிலேயே இருந்தது. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தன. சில மைல் தள்ளியுள்ள கோனாபட்டும் இராயவரமும் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன. பிரிட்டிஷ் இந்தியாவின் வருமான வரிச் சட்டம் அந்த எல்லையைத் தாண்டிச் செல்லாது. வரி எல்லை செட்டிநாட்டின் நடுவிலேயே ஓடியது!

ஆனாலும் அன்றைய கடைகளையும் இன்றைய காகிதக் கம்பெனிகளையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. கிட்டங்கி என்ற கடைக்கூடத்தில் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் உட்கார்ந்து கடன் கொடுத்து வசூலித்தார்கள். அந்த லாபம் மெய்யாகவே அந்த மண்ணில் விளைந்தது.

கேள்வி: லாபம் காட்டியும் வரியே கட்டாத கம்பெனிகளுக்குக் கடிவாளமே கிடையாதா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: உண்டு, ஒன்றைப் போட்டவர் உங்கள் பக்கத்து ஊரான கண்டனூரைச் சேர்ந்தவர். தேய்மானம், சலுகை என்று கழித்து வரிக்குரிய வருமானத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பங்குதாரருக்கு மட்டும் டிவிடெண்ட் கொடுத்த கம்பெனிகள் மீது, 1996 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் குறைந்தபட்ச மாற்று வரியை விதித்தார். கணக்குப் புத்தக லாபத்தில் 30 விழுக்காட்டையாவது வருமானமாகக் கொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. மேலே சொன்ன 22 விழுக்காட்டு வழியைத் தேர்ந்தவர்களுக்கு இன்று அது கிடையாது. சலுகைகளைத் துறந்தவர்கள் என்பதால் அதில் எனக்குக் குறையில்லை.

வரியைக் குறைப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட ஏற்பாடுகளைத் தள்ளிவிட 2017 ஏப்ரல் முதல் பொது விதி ஒன்றும் இருக்கிறது. 75 கோடி யூரோவும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள பன்னாட்டுக் குழுமங்கள் எங்கிருந்தாலும் 15 விழுக்காடாவது கட்ட வேண்டும் என்று 2021 அக்டோபரில் இந்தியா உட்பட 136 நாடுகள் ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டதை ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக்கினால்தான் வசூல்; தாழ்ந்த வரியைக் காட்டிக் கம்பெனிகளை அழைத்துப் பழகிய நாடுகள் அதற்கு ஈடாக மானியம் என்ற பெயரில் திருப்பிக் கொடுக்கத் தொடங்குமோ என்பதுதான் என் ஐயம்.