வலிப்பு மாத்திரை: பக்க விளைவா, பிள்ளையின் சுபாவமா?

மருந்தாளுநராகக் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு லெவெடிரசெட்டம் ஆரம்பித்து மூன்று வாரம். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் எதற்கெடுத்தாலும் கத்துகிறான், தம்பியை அடிக்கிறான். வளர்ப்பு சரியில்லையோ?

பதில்: வளர்ப்பைப் பழிக்காதீர்கள். எரிச்சலும் கோபமும் இந்த மருந்துக்கு நன்றாகத் தெரிந்த பக்க விளைவு. மருந்து தொடங்கியது, அளவு கூட்டியது, கத்தியது, அடித்தது, தூங்கியது என்று எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "கொஞ்சம் அடம் பிடிக்கிறான்" என்பதோடு முடித்துவிடுகிறோம். சிலருக்குத் தானாகத் தணியும். தணியாவிட்டால் அளவைக் குறைப்பார்கள், மருந்தை மாற்றுவார்கள், சிலர் பி6 வைட்டமினும் சேர்த்துப் பார்ப்பார்கள் (அதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவில்லை). வலிப்பு நின்றுவிட்டதே என்று இதைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: மகள் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். இப்போது லாமோட்ரிஜின் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அதன் அளவை ஆமை வேகத்தில் கூட்டுகிறார்கள். ஏன்?

பதில்: வால்ப்ரோயேட் கூட இருந்தால் லாமோட்ரிஜின் உடம்பிலிருந்து வெளியேற ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அளவை வேகமாகக் கூட்டினால் தோலில் ஆபத்தான தடிப்பு வரும் வாய்ப்பு கூடும். பெரும்பாலும் முதல் 8 வாரங்களில்தான் வரும். தடிப்பு எதுவானாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். அதோடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைக்கு.

கேள்வி: சில நொடி வெறித்துப் பார்க்கும் ஆப்சென்ஸ் வலிப்பு. எத்தோசக்ஸிமைடா, வால்ப்ரோயேட்டா?

பதில்: 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 400க்கும் மேற்பட்ட குழந்தைகளில், வலிப்பைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் கிட்டத்தட்ட சமம்; கவனச் சிதறல் வால்ப்ரோயேட்டில்தான் அதிகம். அதனால் முதலில் எத்தோசக்ஸிமைடு. கை கால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பும் உண்டென்றால் கணக்கு மாறும், அதற்கு எத்தோசக்ஸிமைடு உதவாது.

கேள்வி: மூன்று மாதமாக வலிப்பே இல்லை. பாட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்.

பதில்: வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம். பொதுவாக 2 வருடம் வலிப்பில்லாமல் கடந்த பிறகுதான் பேச்சே எடுப்பார்கள், அப்போதும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். அப்புறம், 5 நிமிடத்தைத் தாண்டி வலிப்பு நீடித்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் எழுதி வாங்கியிருக்கிறீர்களா? பாட்டிக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.