தனியாக ஓடினால் பாஸ், சேர்ந்து ஓடினால் ஃபெயில்

கேள்வி: எங்கள் பைத்தான் புராஜெக்டில் 400 டெஸ்டுகள் (கோடு சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல்கள்) இருக்கின்றன. தனியாக ஓட்டினால் பாஸாகும் ஒரு டெஸ்ட், எல்லாவற்றோடும் சேர்த்து ஓட்டினால் ஃபெயிலாகிறது. ஏன்?
– வாசகி, கோவை

பதில்: பெரும்பாலும், முன்னால் ஓடிய ஏதோ ஒரு டெஸ்ட் தன் டேட்டாவை அழிக்காமல் விட்டுப் போயிருக்கும். எனக்கும் இது நடந்தது. ஒரு டெஸ்ட் டேட்டாபேஸில் சேர்த்த வாடிக்கையாளரை இன்னொரு டெஸ்ட் தன் கணக்கில் எண்ணிக்கொண்டது. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பைடெஸ்டில் (பைத்தான் டெஸ்டுகளை ஓட்டும் கருவி) உங்கள் ஃபிக்ஸ்சரின், அதாவது டெஸ்டுக்குத் தேவையான டேட்டாவைத் தயார் செய்யும் பகுதியின், ஸ்கோப் (அது எதுவரை நீடிக்கும் என்ற அமைப்பு) 'செஷன்' என்று இருக்கிறதா, முதலில் பாருங்கள். இருந்தால் எல்லா டெஸ்டும் ஒரே டேட்டாவைப் பகிர்கின்றன. 'ஃபங்ஷன்' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாக உருவாகும். ஃபிக்ஸ்சரில், டேட்டாவை டெஸ்டிடம் கொடுக்கும் 'யீல்டு' வரிக்குக் கீழே, உருவாக்கியதை அழிக்கும் வரிகளையும் எழுதுங்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. அப்புறம், ஃபெயிலானதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாஸாக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எங்கள் டீமில் அப்படிச் செய்துதான் பில் தொகைப் பிழை ஒன்று வாடிக்கையாளர் வரை போய்விட்டது.