மூலை அலமாரி: வந்த கடிதங்களும் பதில்களும்

கே: எங்கள் சமையலறை எல் வடிவம். மூலை வீணாகக் கிடக்கிறது. என்ன செய்யலாம்? (தாம்பரம்)

ப: சுவர் எத்தனை அடி, மூலைக்குப் பக்கத்தில் இருப்பது சிங்க்கா அடுப்பா, ஒன்றுமே எழுதவில்லை. கதவைத் திறந்தால் கை நுழையும் இடைவெளி எத்தனை அங்குலம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். டேப் பிடித்து அளந்து மறுபடி எழுதுங்கள்.

கே: கேஸ் சிலிண்டரை மூலை அலமாரிக்குள் வைக்கலாமா?

ப: கூடாது. கசிகிற கேஸ் காற்றைவிடக் கனம், கீழேயே தேங்கும். ரெகுலேட்டர் சட்டென்று கைக்கு எட்ட வேண்டும்.

கே: மேஜிக் கார்னர் (இழுத்தால் மூலைக்குள் இருக்கும் கூடைகள் வெளியே வரும் கம்பிச் சட்டம்) போட்டால் ஒரு அங்குலம்கூட வீணாகாது என்கிறார்கள். ரூ.25,000 சொல்கிறார்கள். போடலாமா? (மதுரை)

ப: மாதம் நாலு பேர் இதைக் கேட்கிறார்கள். ஷோரூமில் அந்தக் கூடைகள் காலியாக இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் கிடக்கும். ஒற்றை விரலால் இழுத்துக் காட்டுவார்கள். நம் வீட்டில் அதில் ஏறப்போவது 10 லிட்டர் குக்கரும் இட்லிக் கொப்பரையும். ஒவ்வொரு கூடையும் இவ்வளவு எடைதான் தாங்கும் என்று கணக்கு உண்டு. விற்கிறவர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள். 'ஒரு அங்குலம்கூட' என்பதும் கதைதான். சட்டம் நகர, கூடை திரும்ப, சுற்றிலும் இடம் விட்டாக வேண்டும்.

என் வீட்டிலேயே ஆசைப்பட்டு ஒன்று போட்டேன். மூன்றாம் வருஷம் ஒரு ஜல்லிக்கரண்டி கூடைக்குப் பின்னால் விழுந்து, சட்டம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றுவிட்டது. அலமாரிக்குள் தலையை விட்டு ஸ்குரூ கழற்றியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இப்போது அங்கே சாதாரணத் தட்டு இரண்டுதான்.

பொதுவாக மேஜிக் கார்னருக்கு 3 அடி அகல அலமாரியும் ஒன்றரை அடிக் கதவும் வேண்டும். அந்த இடம் இருந்து, தினமும் அந்த மூலையில் கை வைக்கிறவர் என்றால் சரி, போடுங்கள். கதவுத் திறப்பை அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இடது, வலது என்று வகை வேறு, மாற்றி வந்தால் பொருந்தாது.

கே: அப்படியானால் சுழலும் தட்டு?

ப: மலிவு, பழுதாக அதில் அதிகம் ஒன்றுமில்லை. சதுர மூலையில் வட்டத் தட்டு என்பதால் கிட்டத்தட்ட 20 சதவீத இடம் போகும். விளிம்புக் கம்பி உயரமாக உள்ளதை வாங்குங்கள். இல்லாவிட்டால் பின்னால் விழுந்த பெருங்காய டப்பாவை அடுத்த வெள்ளையடிப்பின்போதுதான் பார்ப்பீர்கள்.

கே: மூலையில் டிராயரை இழுத்தால் எதிர்ப்பக்கக் கைப்பிடியில் இடிக்கிறது.

ப: மூலையில் 2 அங்குல ஃபில்லர் (இடைவெளிக்கு வைக்கும் பட்டைப் பலகை) விடாமல் செய்துவிட்டார்கள். துருத்தாத கைப்பிடியாக மாற்றிப் பாருங்கள். அப்படியும் இடித்தால் டிராயரையே குறுக்க வேண்டியதுதான்.

கே: பழைய வீடு, கடப்பா கல் தட்டு. மூலை இருட்டுக் குகை மாதிரி இருக்கிறது. மேடையை உடைக்காமல் வழி உண்டா? (கும்பகோணம்)

ப: சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாப்பாட்டு அறையோ பின்கட்டோ என்றால் அங்கிருந்தே ஒரு கதவு வைக்கலாம். சுவர் பாரம் தாங்குகிறதா என்று இன்ஜினீயரைக் கேட்ட பிறகு. முடியாவிட்டால், முறுக்கு உரல், அதிரச உருளி என்று தீபாவளிக்குத் தீபாவளி எடுக்கிற சாமானை ஆழமான ட்ரேயில் போட்டு, முன்பக்கம் ஒரு கயிறு கட்டி உள்ளே தள்ளுங்கள். 300 ரூபாய்க்குள் முடியும். சிரிக்காதீர்கள், என் அம்மா வீட்டில் இன்றும் அந்தக் கயிறுதான்.

கே: சிங்க்கை ஒட்டிய மூலையில் பலகை ஊதிவிட்டது. எந்தப் பலகை போடலாம்?

ப: ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ள பிளைவுட். அதற்கு முன்னால் சிங்க் ஒழுகுவதை நிறுத்துங்கள். ஆசாரி வந்து பழைய பலகையைக் கழற்றும்போதே கதவுத் திறப்பையும் அளந்துகொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் அதைத்தான் கேட்பேன்.