குப்பைக்கு அடியில் ஒரு ரயில் பாதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் புளூபெல் ரயில் பாதையும், நஷ்டப் பாதைகளை மூடச் சொன்ன ரயில் துறைத் தலைவர் பீச்சிங்கின் அறிக்கையால் மூடப்பட்டதுதானே?

பதில்: இல்லை. அங்கே எந்தப் பாதை மூடப்பட்டிருந்தாலும் பழியை பீச்சிங் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. அவர் அறிக்கை வந்தது 1963-ல். சசெக்ஸில் லூயிஸுக்கும் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கும் நடுவே 1882-ல் திறந்த இந்தப் பாதையில் 1955 மே மாதமே ரயில் நின்றுவிட்டது. மேட்ஜ் பெசெமர் என்ற உள்ளூர்ப் பெண்மணி பழைய சட்டங்களைப் புரட்டினார். தினமும் நான்கு ரயில் ஓட்டியே தீரவேண்டும் என்ற 1878-ம் ஆண்டுப் பிரிவு அவர் கண்ணில் பட்டது. வேறு வழியின்றி 1956 ஆகஸ்டில் மறுபடி ரயில் விட்டார்கள். அதுவும் வேண்டாவெறுப்பாகத்தான்: சட்டத்தில் பெயர் வராத கிங்ஸ்கோட் நிலையத்தில் வண்டி நிற்கவே இல்லை. பிறகு நாடாளுமன்றத்தில் அந்தப் பிரிவையே நீக்கி, 1958 மார்ச்சில் ஒரேயடியாக மூடினார்கள்.

கேள்வி: மூடிய பாதையை மீட்க முனைந்த ஆர்வலர்கள் 1960-லேயே ரயில் விட்டுவிட்டார்கள். 11 மைல் பாதை முழுமையாக 2013 வரை ஏன் ஆயிற்று?

பதில்: 1960-ல் தெற்கு முனையான ஷெஃபீல்ட் பார்க்கிலிருந்து ஹார்ஸ்டெட் கீன்ஸ் பக்கம் மட்டும்தான் ரயில் விட்டார்கள். அதற்கு வடக்கே பின்னர் தண்டவாளத்தைப் பெயர்த்து, நிலத்தையும் விற்றுவிட்டார்கள். அதைத் துண்டு துண்டாகத் திரும்ப வாங்கி, கிங்ஸ்கோட்டை எட்டவே 1994 ஆனது.

அதற்கு அப்பால்தான் பெரிய தலைவலி. இம்பர்ஹார்ன் என்ற இடத்தில் குன்றை வெட்டிப் பாதை போட்டிருந்த பள்ளத்தை, பாதை மூடிய பிறகு வீட்டுக் குப்பையால் நிரப்பி, மேலே களிமண் போட்டு மூடியிருந்தார்கள். கிராமச் சாலைகளில் லாரி விட்டால் ஊர் தாங்காது. அதனால் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் தேசிய ரயில் பாதையோடு இணைத்து, குப்பையைச் சரக்கு ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். நடுவில் இன்னொரு நெருக்கடி. மாசுபட்ட நிலத்தைச் சீர்படுத்துவோருக்கு இருந்த குப்பைக்கிடங்கு வரிவிலக்கு 2012 மார்ச் 31-ம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு டன்னுக்கு 64 பவுண்ட் வரி. கெடு முடிவதற்குள் அள்ளியாக வேண்டும் என்று ஓட்டமாக ஓடினார்கள். 2013 மார்ச் 23-ம் தேதி ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு ரயில் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: இத்தகைய பழைய பாதைகளில் தண்டவாளத்தை மர ஆப்பு அடித்து நிறுத்துகிறார்களாமே, அது தாங்குமா?

பதில்: தாங்கும், ஆனால் ஆள் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இந்தப் பாதைகளில் உள்ள, தட்டையான அடிப்பாகம் இல்லாத புல்ஹெட் தண்டவாளம் தானாக நிற்காது. ‘சேர்’ எனும் வார்ப்பிரும்புத் தாங்கியின் இரு தாடைகளுக்கு நடுவே உட்கார்த்தி, வெளிப்பக்க இடைவெளியில் ஓக் மர ஆப்பை அடித்து இறுக்கவேண்டும். 60 அடித் தண்டவாள நீளத்துக்குச் அடியில் குறுக்கே சராசரியாக 24 ஸ்லீப்பர் கட்டை என்றால், இரு பக்கமும் சேர்த்து 48 சேர், 48 ஆப்பு. சேருக்கு மூன்று திருகாணி வீதம் 144. கஜத்துக்கு 95 பவுண்ட் எடையுள்ள வகையில், ஒரு தண்டவாளமே ஏறத்தாழ 860 கிலோ.

கோடையில் மரம் காய்ந்து சுருங்குவதால் ஆப்பு தளர்ந்து விழும். வரிசையாக நாலைந்து விழுந்தால் தண்டவாளம் வெளிப்பக்கம் நகர்ந்து, இரு தண்டவாளங்களுக்கும் இடையே இருக்கவேண்டிய 1435 மி.மீ. அகலம் கூடிவிடும். சக்கரம் உள்ளே இறங்கும் அபாயம் அங்கேதான். ஆகவே வெயில் காலத்தில் சுத்தியலோடு பாதை நெடுக நடக்க ஆள் போடுகிறார்கள். இரட்டைப் பாதையில் ரயில் போகும் திசையிலேயே ஆப்பை அடிப்பார்கள், தண்டவாளம் முன்னே நகர நகர அது இறுகும். ஒற்றைப் பாதையில் பாதியை ஒரு திசையிலும் மீதியை எதிர்த் திசையிலும் அடிக்கவேண்டும். ஆப்பெல்லாம் சரியாக இருந்தும் இரு தண்டவாளங்கள் சேரும் இணைப்பில் வண்டி குதித்தால் ஜல்லியைக் கிளறிப் பாருங்கள். அடியிலிருந்து களிமண் சேறு ஏறியிருந்தால், மேலே எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் வீண். வடிகாலைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: புளூபெல் பாதையில் ரயிலின் வேகம் எவ்வளவு?

பதில்: மணிக்கு 25 மைல், அதாவது 40 கி.மீ. அதற்கு மேல் கூடாது.