தொழில்காரர் நுகர்வோர் இல்லையா?

கேள்வி: என் சாவிக் கடைக்கு ஃபோர்டு கார்களே அதிகம் வருகின்றன. மலிவாகக் கிடைத்ததென்று, சாவி இல்லாமலே பூட்டைத் திறந்து அளவெடுக்க உதவும் எச்.யு.66 லிஷி கருவியை இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். பூட்டினுள் நுழையவே இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. எச்.யு.66 என்பது ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா கார்களுக்குரியது. ஃபோர்டின் பல மாதிரிகளுக்கு எச்.யு.101 வேண்டும். கருவியின் மேலேயே பொறித்திருக்கும் எண்ணைப் படிக்காமல் விலையை மட்டும் படித்திருக்கிறீர்கள்.

கேள்வி: தனியாளாகக் கார் சாவிக் கடை நடத்துகிறேன். ‘அசல் லிஷி’ என்று இணையத்தில் விற்ற கருவியில் அளவுக்கோடுகள் மங்கலாக இருந்தன. மூன்றாம் நாளே முனையும் வளைந்துவிட்டது. ‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர்’ என்கிறார் விற்பனையாளர்.

பதில்: இந்த அரை உண்மையைச் சொல்லிக் கைத்தொழில் செய்வோரை விரட்டுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குவோரை விலக்குகிறது என்பது மெய்தான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்துவோருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. தையற்காரரின் தையல் எந்திரத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு உங்கள் கருவிக்கும் உண்டு. மங்கிய கோட்டைச் சிறு குறையென்று அவர் தட்டிக் கழிக்கவும் விடாதீர்கள். பூட்டினுள் உள்ள ஒவ்வொரு தகட்டின் ஆழத்தையும் அந்தக் கோடுகளில் படித்துத்தான் புதுச் சாவி வெட்ட வேண்டும் என்பதால், அளவு தவறினால் வெட்டிய சாவியும் வீண். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, போலியான அல்லது விளம்பரத்துக்குப் பொருந்தாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வளைந்த முனையை மட்டும் நிமிர்த்திவிடாதீர்கள், அதுவே உங்கள் சாட்சி.

கேள்வி: புதிதாக வாங்கிய கருவியால் அளவெடுத்து வெட்டிய சாவி கதவைத் திறக்கிறது, திருப்பினால் திரும்புகிறது, எஞ்சின் மட்டும் ஓடவில்லை. கருவி மோசடியா?

பதில்: இல்லை. சாவியில் சிப் இல்லாததால், தெரியாத சாவிக்கு எஞ்சினை ஓடவிடாத இமொபிலைசர் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கிறது. சிப்பை மின்னணுக் கருவியால்தான் பதிவு செய்ய முடியும்.

கேள்வி: உடைந்த சாவித் துண்டை வெளியே எடுக்கும் கொக்கிக் கம்பிகள் ஒரு கட்டு 200 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். என் கார்க் கதவில் முறிந்து நின்ற சாவித் துண்டை எடுக்கப் போக, கொக்கியும் உள்ளேயே முறிந்தது. பிறகு வந்த சாவிக்காரர் இரண்டு துண்டுகளையும் எடுத்துக் கையில் கொடுத்து, இரண்டுக்கும் கூலி வாங்கிக்கொண்டு போனார்.